தம்பி பெயரில் எழுதிய அடி

படிவத்தில் அந்தக் கேள்வி இரண்டு வரிதான். எந்த நாட்டிலாவது, எப்போதாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, வழக்கோ தண்டனையோ உண்டா? கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை. தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னாணா போடறது?"

வியாழக்கிழமை, மாலை ஐந்தே கால். அவன் காகிதங்களை நான்தான் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி, ஒரே கோப்பில் வைத்திருந்தேன். பதினாறு காகிதங்கள். பதினேழாவதாக வரவேண்டியது போலீஸ் சான்றிதழ். அதைப் பற்றி நாங்கள் இருவருமே அதுவரை பேசவில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, உள்ளே எத்தனை மூட்டை, எத்தனை கிழிசல், சீல் எண் சரியா என்று எழுதுவது என் வேலை. வீட்டிலும் அதே கைதான். இருபத்தைந்து வருடமாக டைரி எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம், எண்ணூர் வாடை வந்ததா, தண்ணீர் எத்தனை மணிக்கு, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள். தம்பி என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். எண்ணூரில் ஒரு ஷெட்டில் வெல்டர். காகிதங்களை அவன் என்னிடம் கொண்டுவந்தது பாசத்தால் அல்ல. எங்கள் தெருவில் காகிதத்தைத் தொலைக்காத ஆள் நான் ஒருவன்தான்.

கனடாவில் ஒரு கல்லூரி அவனை வெல்டிங் படிப்புக்கு எடுத்திருந்தது. இரண்டு வருடம். பாதி வகுப்பு, பாதி பட்டறை. படிக்கப் போக ஓர் அனுமதி வேண்டும். அந்தப் படிப்புக்குள்ளேயே பட்டறையில் நின்று வேலை செய்ய இன்னோர் அனுமதி வேண்டும். பட்டறை வேலை படிப்பின் கட்டாயப் பகுதி என்று கல்லூரி எழுதித் தந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பதில் பிடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். தம்பிக்கு அந்த இரண்டாவதுதான் உயிர்.

"ராடு புடிக்காத வெல்டிங் படிப்பு இன்னா படிப்பு? அதுக்கு இங்கியே யூடியூபு பாத்துகினு குந்தலாம்" என்பான்.

அவன் போக நினைத்ததற்குக் காரணம் போன வருடம் ஷெட்டில் நடந்தது. எண்ணெய் டேங்க் ஒன்றைச் சரியாகக் கழுவாமல் உள்ளே விட்டார்கள். தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர் அதன் மூடியை வெல்டிங் ராடால் தொட்டார். மூடி வெடித்து அவரோடு சேர்ந்து கூரைக்குப் போனது. தம்பி பன்னிரண்டடி தள்ளி நின்றான். அவருடைய முகத்தில் இருந்தது எது, எது முகக்கவசத்தின் பிளாஸ்டிக் என்று பிரிக்க முடியவில்லை என்று அன்று சொன்னான். மறுநாள் ஷெட்டில் தரையைக் கழுவிவிட்டு அதே இடத்தில் அடுத்த டேங்கை நிறுத்தினார்கள். அந்த வாரம்தான் அவன் கல்லூரிகளுக்கு எழுத ஆரம்பித்தான். டேங்குக்குள் வாயு இருக்கிறதா என்று சோதித்த பிறகே ராடைக் கையில் கொடுக்கும் இடம் உலகத்தில் எங்கோ இருக்கிறது, அங்கே போய்க் கற்றுக்கொள்வேன் என்றான்.

அவன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் 'ஆம்'. அவன் பெயரில் ஒரு வழக்கு உண்டு. காயப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு, கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடிந்த வழக்கு. அடித்தது நான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலைப் பூசை முடிந்து எங்கள் தெருமுனைக் கேரம் கிளப்பில் இறுதி ஆட்டம். தகரக் கூரை, போர்டுக்கு மேலே தொங்கும் ஒற்றை பல்பு, சுவரை ஒட்டி முப்பது பேர். ஸ்கோர் எழுதுவது எப்போதும் நான்தான். இருபத்தைந்து பாயிண்ட் முதலில் எடுப்பவனுக்குக் கோப்பை. ஒரு போர்டை முடித்தவனுக்கு எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட்; ரெட் என்னும் சிவப்புக் காயையும் அவனே போட்டிருந்தால் மூன்று பாயிண்ட் கூடும். ஆனால் ஏற்கெனவே இருபத்திரண்டைத் தொட்டுவிட்டவனுக்கு அந்த மூன்று கிடையாது.

ஆடியவன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். முப்பது வயது இருக்கும். ரெட்டைப் போட்டான், முடித்தான், எதிராளிக்கு ஒரு காய் மிச்சம். மூன்றும் ஒன்றும் நான்கு. இருபத்தொன்றும் நான்கும் இருபத்தைந்து என்று இரண்டு கையையும் தூக்கினான். என் தாளில் அவன் இருபத்திரண்டில் இருந்தான். ரெட்டுக்கு ஒன்றும் இல்லை, இருபத்துமூன்றுதான், அடுத்த போர்டு ஆடு என்றேன்.

"இன்னா நைனா, பேனா உன் கைல இருந்தா எத வோணா எய்துவியா?"

"எழுதினது எழுதினதுதான். உக்காரு."

"காட்டு அந்தத் தாள."

நான் காட்டவில்லை. அவன் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "யார்டுலயும் இப்டித்தான் கள்ளக் கணக்கு எய்தி வவுறு வளக்கறாரு சாரு."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பேனாவுக்கு மூடி போட்டேன். பிறகு உட்கார்ந்திருந்த இரும்பு மடக்கு நாற்காலியை எடுத்து மடக்கினேன். இந்த வரிசை எனக்கு இன்றும் பிசகாமல் நினைவிருக்கிறது. ஆத்திரத்தில் கண் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பேனாவை மூடியவனுக்குக் கண் தெரிந்திருக்கிறது.

முதல் அடி தோளில். இரண்டாவது காதில். காது பாதியாகப் பிளந்து, ரத்தம் கழுத்தில் அல்ல, நேராகப் போர்டில் கொட்டியது. அவன் போர்டின் மேலேயே சாய்ந்தான். காய்கள் சிதறின. வெள்ளைப் பவுடரில் ரத்தம் விழுந்து குழம்பாகச் சிவந்தது. எழுந்திருக்க வலது கையால் சட்டத்தைப் பிடித்தான். மூன்றாவது அடி அந்தக் கையில் விழுந்தது. நாற்காலியின் விளிம்பு ஆட்காட்டி விரலில் இறங்கியது. அவன் ஸ்டிரைக்கரைச் சுண்டும் விரல். அந்தச் சத்தம் காய் குழியில் விழும் சத்தத்தைவிடச் சின்னது. நான்காவதுக்கு ஓங்கினேன். நான்கு பேர் சேர்ந்து என்னைச் சுவரில் அறைந்து பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். ஆறு, நான்கு, எட்டு, மூன்று. மூன்று முறை கூட்டினேன். இருபத்தொன்று. அவன் சொன்னதே சரி. அன்றைய டைரியில் 'காற்று தெற்கு' என்று மட்டும் இருக்கிறது.

இங்கே எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அதற்கு 'ஆள் குடுக்கறது' என்று பெயர். அடிதடி என்று வந்துவிட்டால், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். அடித்தவன் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் யார் பெயர் போகவேண்டும் என்பது வேறு பேச்சு. சம்பள வேலையில் இருக்கிறவன் பெயர் போனால் வேலை போகும், வீடு படுக்கும். அதனால் அந்த வீட்டில் இன்னும் ஒன்றும் ஆகாத ஒருவனைக் கொடுத்துவிடுவார்கள். அடிபட்ட பக்கமும் ஒத்துக்கொள்ளும். அந்த வீட்டிலிருந்து ஒருவன் ஸ்டேஷனில் உதைபட்டு, கோர்ட்டில் தலை குனிந்து நின்றால் அவர்கள் கணக்கு தீர்ந்துவிடும். வெளிநாட்டுப் படிவம் ஒன்று ஒருநாள் கேட்கும் என்று அந்த டீக்கடையில் யாருக்கும் தோன்றவில்லை. பெயர் என்பது சட்டை மாதிரி, இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அம்மாதான் முடிவு செய்தாள். அவள் இறந்து மூன்று வருடமாகிறது, அதனால் அவள்மேல் போட்டுவிடுவது எனக்குச் சுலபம். நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

"சின்னவன் பேர எய்திக்கட்டும். அவுனுக்கு இன்னும் வேலையா வெட்டியா?" என்றாள்.

தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு. சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எத்தினி மணிக்குப் போணும்?" என்று மட்டும் கேட்டான்.

திங்கள் காலை பத்து மணிக்கு அவனை நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். எழுத்து வேலை பார்த்த ஏட்டு என்னைப் பார்த்து, "நீ வெளிய நில்லு, கிளார்க்கு" என்றார். அடித்தது யார் என்று அவருக்கும் தெரியும் என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது. பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே, கைப்பற்றிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன். உள்ளே பெஞ்சை இழுக்கும் சத்தம். பிறகு தம்பியின் குரல். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, அடியிலிருந்து கிளம்பி நடுவில் உடையும் குரல். நான் எண்ணினேன். எண்ணாமல் நிற்க எனக்குத் தெரியாது. பதினொன்று. வெளியே வந்தபோது பாதத்தை ஊன்றாமல் விளிம்பால் நடந்தான். செருப்பைக் கையில் வைத்திருந்தான். நான் மதியம் வேலைக்குப் போனேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே தம்பி என் எதிரில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று கேட்டான்.

"விசா ஏஜென்ட் என்ன சொன்னான்?" என்றேன்.

"டோல்கேட்டு ஆபீஸ்காரனா? இல்லன்னு போடுப்பா, பழைய கேசெல்லாம் எவன் பாக்கப்போறான்னு சொன்னான்."

ஒரு சின்னப் பொய் பிடிபட்டாலும் பல வருடத்துக்கு அந்த நாட்டின் வாசலே மூடிவிடும் என்று படிவத்தோடு வந்த குறிப்பில் இருந்தது. நான் அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். சீல் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் லாரியைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அப்படிப்பட்டவன் அன்று சொன்னது இது:

"சரி. இல்லைனே போடு."

அவன் எழுந்தான். நான் நிமிர்வதற்குள் அவனுடைய கைமுட்டி என் வாயில் விழுந்தது. நாற்காலியோடு மல்லாந்தேன். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று. கீழ்ப்பல் ஒன்று உடைந்து நாக்கில் வந்தது. மேசைமேல் வைத்திருந்த வெல்டிங் கையுறையால் முகத்தில் அறைந்தான். அந்தத் தோலில் தீப்பொறி பட்டுக் கருகிய நாற்றம் இருந்தது.

"இன்னோர் வாட்டி எனக்குப் பொய் எய்திக் குடுக்கறியா? இன்னோர் வாட்டியா? உன் பேர மட்டும் கண்ணாடிப் பொட்டில வெச்சிகினு, என் பேர எவன் செருப்பத் தொடைக்கவும் குட்த்துருவ, அப்டித்தான?"

நான் கையை உயர்த்தவில்லை. தாங்கிக்கொண்டேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. அடிகள் சரியான முகவரிக்கு வந்தன, அவ்வளவுதான்.

"அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும்ணா. நான்தான் அட்ச்சேன்னு. ஒரு வார்த்த."

அவன் அழவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தேன். இரண்டு கட்டமும் காலியாக இருந்தன. 'ஆம்' கட்டத்துக்குப் பக்கத்தில் என் வாயிலிருந்து தெறித்த ஒரு துளி.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். பழைய வழக்கை அழிக்க முடியாது என்றார். 'ஆம்' என்று போட்டுவிட்டு, நடந்ததை ஆதாரத்தோடு விளக்கமாக இணைக்கலாம். அடித்தது தம்பியல்ல என்று நானும், அடிபட்டவனும் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அதற்கு எடை இருக்கும். எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் அதிகாரியின் விருப்பம்.

"உங்களுக்கு என்ன வரும்னு தெரியுமா? போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பொய் ஆள் குடுத்தேன்னு நீங்களே கையெழுத்துப் போடறீங்க. வேலை செய்யற இடத்துக்கும் தெரியும்."

தெரியும் என்றேன்.

அடிபட்டவன் இப்போது ஐஸ் உடைக்கவில்லை. டோல்கேட் தாண்டி ஒரு டயர் கடை வைத்திருக்கிறான். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போனேன். லாரி டயர் ஒன்றை நெம்புகோலால் வளையத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். வலது ஆட்காட்டி விரல் மடங்காமல், எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் நீட்டி நின்றது. காது தையல்கோட்டோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் நெம்புகோலைக் கீழே வைக்கவில்லை.

பழைய தாளை நீட்டினேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. ஓரத்தில் அவன் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"ஆறு, நாலு, எட்டு, மூணு. இருபத்தொண்ணு. நீ சொன்னதுதான் சரி."

அவன் தாளைப் படித்தான். உதடு அசைய இரண்டு முறை கூட்டினான்.

"இது எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே. வீட்டுக்குப் போனதும்."

நெம்புகோல் என் வலது முன்கையில் விழுந்தது. எலும்பு வரை இறங்கிய அடி. விரல்கள் தாமாக விரிந்து தாள் நழுவியது. மண்டியிட்டேன். இரண்டாவது அடியை முதுகில் வாங்கினேன். மூன்றாவதுக்கு ஓங்கியவன் நிறுத்தி, நெம்புகோலை டயருக்குள் எறிந்தான். இரும்பு வளையம் நெடுநேரம் அதிர்ந்தது.

"பன்னெண்டு வருஷமா நான் ஏமாத்துக்காரன்னு அந்த கிளப்புல பேச்சு கீது. தெரியுமா உனக்கு? வெரலு போனது கூட பரவால்ல. வெரலு போன ஏமாத்துக்காரன்னு பேரு வெச்சானுங்க."

பிரமாணப் பத்திரம் பற்றிச் சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். தம்பி, இரண்டு அனுமதி, வெல்டிங் படிப்பு.

"உன் தம்பி என்னிய தொடக்கூட இல்ல. கோர்ட்டுல அவன் குத்தம் ஒத்துகினப்போ நான் பின்னால பெஞ்சில குந்திகினு இருந்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆய்ட்ச்சி." தாளை எடுத்து என்னிடம் கொடுத்தான். "நாளிக்கி சாயங்காலம் கிளப்புக்கு வா. அல்லார் முன்னாலயும் இத்த சத்தமா கூட்டு. அப்பறம் கையெய்த்து."

ஞாயிறு மாலை ஆறே முக்காலுக்குக் கிளப்பில் நின்றேன். வலது முன்கை வீங்கிச் சட்டைக் கைக்குள் நுழையவில்லை. பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பல்புக்குக் கீழே தாளைப் பிடித்து நான்கு எண்களையும் வாசித்து, கூட்டி, கடைசி போர்டின் நான்கைச் சேர்த்து, இருபத்தைந்து என்றேன்.

"இன்னா மாமு, பன்னெண்டு வருசம் கயிச்சா ரிசல்ட்டு? அந்தக் கப்புல எங்கம்மா கோயிக்குத் தண்ணி வெச்சி, அதுவும் ஓட்டையாப் பூட்ச்சி" என்றான் அன்று எதிரே ஆடிக் கோப்பையை வாங்கிப்போனவன். சிரித்தார்கள். பின்னாலிருந்து யாரோ என் இடுப்பில் உதைத்தார்கள். போர்டின் மேல் விழுந்தேன். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. டயர் கடைக்காரன் சிரிக்கவில்லை. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, பத்திரத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டான். சுட்டும் விரல் தாளுக்கு மேலே வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது.

என் பத்திரம் மூன்று பக்கம். நாற்காலி, மூன்று அடி, தவறான கூட்டல், ஆள் கொடுத்தது, ஸ்டேஷன். 'ஜன்னலுக்கு வெளியே நின்று பதினோரு அடிகள் எண்ணினேன்' என்ற வரியும் அதில் இருந்தது. தம்பி அதை வாங்கி, நின்றபடியே படித்தான். அந்த வரியை இன்னொரு முறை படித்தான். பிறகு 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினான். அன்றிலிருந்து அவன் எண்ணூரில் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே தங்கிக்கொண்டான்.

பத்திரத்தின் ஒரு பிரதியை யார்டு மேனேஜரிடம் நானே கொடுத்தேன். விசாரணை என்றார்கள். அதுவரை டாலி மேசை கிடையாது. வாசலில் நின்று உள்ளே வரும் லாரி எண்களை எழுதுகிறேன்.

ஏழு வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது. டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோடு வரை நின்றிருந்தன. அவற்றுக்கு நடுவே தம்பி நடந்து வந்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ரெண்டும் வந்துட்ச்சி. படிக்கறதும், வேலையும்."

நான் படித்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். எல்லாம் சரியாக இருந்தன.

"உன் பேப்பர்ல ஒரு தப்பு கீதுணா" என்றான்.

"எங்கே?"

"பதினொன்னு இல்ல. பன்னெண்டு."

பின்னால் நின்ற டிரெய்லர் ஹாரன் அடித்தது. அவன் அது நிற்கும்வரை காத்திருந்தான்.

"மொத அடிக்கு நான் கத்தல. நீ வெளிய நின்னுகினு கீறன்னு தெரியும். பல்ல கட்ச்சிகினேன். அப்பறம் முடீல."

"அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே. திருத்தியிருப்பேன்."

"இன்னாத்துக்கு? அது அவுங்க ஆபீசுக்குத் தேவயில்ல. உனுக்குத்தான் தெரிணும்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, டிரெய்லர்களுக்கு இடையே வந்த வழியே போனான். என்றைக்கு விமானம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் நின்ற டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், நம்பரு எய்துயா, கடல் வத்திடும்போல கீது" என்று கத்தினான். வலது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. இடது கையால் எழுதினேன். எழுதியதை வண்டியின் நம்பர் பலகையோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போகச் சொன்னேன்.